ஒரு நாள் பிந்திய கரு: கருப்பையின் பதமும் புரோஸ்டாகிளாண்டினும்

எங்கள் பக்கம் "கரு தங்கல" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் "ஒட்டல" என்பார்கள். என் அண்ணி இரண்டாவது சொல்லைத்தான் சொன்னார். ஐவிஎஃப் இரண்டாவது தடவையும் நெகட்டிவ் என்று வந்த வாரம் அது. "நல்ல கருன்னு ஸ்கிரீன்ல காட்டினாங்க, லைனிங்கும் நல்லா இருக்குன்னாங்க, அப்புறம் ஏன்மா ஒட்டல?" என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. கருப்பையின் உடலியல் பற்றிச் சில வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், அவ்வளவுதான். அண்ணியின் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் அவர் கேட்ட கேள்வியையே, அதாவது கரு நன்றாக இருக்கிறது, ஹார்மோன் நன்றாக இருக்கிறது, கருப்பையும் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் பதியவில்லை என்பதை, படிப்படியாகத் துருவிக்கொண்டே போய்க் காரணத்தைத் தொட்ட ஒரு நிகழ்வு உண்டு. அது மனுஷி இல்லை, ஒரு சுண்டெலி. அந்த நிகழ்வை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கருப்பை கருவை ஏற்கத் தயாராவதில், செல்லுக்குச் செல் சேதி சொல்லும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்கு என்ன வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

குட்டி குறைந்த சுண்டெலிகள்

கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெரோல்ட் சுன் என்பவரின் குழு, எல்பிஏ என்று சுருக்கிச் சொல்லப்படும் லைசோஃபாஸ்பாடிடிக் அமிலத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. இது கொழுப்பு வகையைச் சேர்ந்த ஒரு சின்ன மூலக்கூறு, செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகிறது. அந்தச் சேதியை வாங்கிக்கொள்ள செல்களின் மேல் பல ஏற்பிகள் இருக்கின்றன, அதில் மூன்றாவதற்கு எல்பிஏ3 என்று பெயர். இந்த ஏற்பிக்கான மரபணுவை மட்டும் நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஷியாவ்சின் யெ முதல் ஆசிரியராக இருந்து, 2005-ல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு அது.

எலிகள் நன்றாகவே வளர்ந்தன. ஒரே ஒரு குறைதான்: அந்த மரபணு இல்லாத பெண் எலிகளுக்கு ஈத்துக்கு ஈத்து குட்டிகள் குறைவாக இருந்தன, பிரசவமும் வழக்கத்தைவிடத் தள்ளிப்போனது. ஆண் எலியை மாற்றினாலும் இதே கதைதான், ஆகவே குறை தாய்ப்பக்கம்.

தாய்ப்பக்கம் என்று தெரிந்ததும் எங்கே என்று பார்க்க வேண்டும். முட்டை வெளியாவதில் குறையா? இல்லை. கருத்தரிப்பதிலா? இல்லை. நான்காம் நாள் கருப்பையைக் கழுவி எடுத்தால் பிளாஸ்டோசிஸ்ட்கள், அதாவது ஒட்டும் பருவத்துக்கு வந்த கருக்கள், சரியான எண்ணிக்கையில், சரியான உருவத்தில் வந்தன. ஆக, கரு கருப்பை வரை நல்லபடியாக வந்து சேர்கிறது. அதற்கு அப்புறம்தான் ஏதோ நடக்கிறது.

நீலச் சாயம்

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் செய்த சோதனையை நான் கையால் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுண்டெலிக்குக் கருப்பை ஆங்கில ஒய் எழுத்து மாதிரி, இரண்டு கொம்புகளாக இருக்கும். இணைந்ததற்கு அடையாளமாக மறுநாள் காலையில் பெண்ணுறுப்பில் ஒரு அடைப்பு தெரியும், அதை முதல் நாள் என்று கணக்கு வைக்கிறோம். நான்காம் நாள் காலையில் கருக்கள் கருப்பைக்குள் இறங்கியிருக்கும். அன்று இரவு, பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், கரு சுவரில் ஒட்டத் தொடங்கும். வெறும் கண்ணால் கருப்பையைப் பார்த்தால் அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது, வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு மெல்லிய நூல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கரு தொட்ட இடத்தில் மட்டும் அடியிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பித்திருக்கும். வால் நரம்பில் 0.1 மில்லி நீலச் சாயத்தை ஏற்றி ஐந்து நிமிடம் காத்திருந்தால், சாயம் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கசியும் இடங்களில் தேங்கும். பிறகு திறந்து பார்த்தால், வெளிறிய நூலில் சம இடைவெளி விட்டு நீல மணிகள் கோத்த மாதிரி இருக்கும். ஒரு மணி, ஒரு கரு. முதல் தடவை பார்த்தபோது எண்ண மறந்து அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஐந்து, யாரோ அளந்து வைத்த மாதிரி இடைவெளி.

வால் நரம்பு கிடைக்காமல் ஊசி வழுக்கிக்கொண்டே போகும், வெதுவெதுப்பான தண்ணீரில் வாலை வைத்து நரம்பைப் புடைக்க வைக்க வேண்டும். சாயம் சரியாக ஏறியதா என்பதற்கு அடையாளம், எலியின் காதும் பாதமும் நீலம் பூப்பதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "மணி தெரியவில்லை" என்று ஒரு ஆய்வில் எழுதினால், அது ஊசி தவறியதாலா, கரு ஒட்டாததாலா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் வரும். நல்ல ஆய்வாளர்கள் அடுத்து கருப்பையைக் கழுவிப் பார்ப்பார்கள். ஒட்டாத கரு கழுவிய நீரில் மிதந்து வரும்.

எல்பிஏ3 இல்லாத எலிகளில் நடந்தது அதுதான். சாதாரண எலியில் வரிசையாக நீல மணிகள் தெரிந்த அதே நேரத்தில் இவற்றில் மணிகளைக் காணோம், கழுவினால் கரு மிதந்து வந்தது. சேதமில்லாத, உயிருள்ள கரு, சுவர் கூப்பிடும் என்று காத்துக்கொண்டு நின்ற கரு. ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது மணிகள் தெரிந்தன. ஆனால் எண்ணிக்கை குறைவு, கொம்பு முழுக்கப் பரவாமல் கருப்பை வாய்ப்பக்கமாக ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு இருந்தன.

அந்த நெருக்கத்தின் விலை பிற்பாடு தெரிந்தது. கர்ப்பம் வளர்ந்தபோது ஒரே நஞ்சுக்கொடியை இரண்டு மூன்று கருக்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன, அந்த நஞ்சுக்கொடி வீங்கிப் பெருத்திருந்தது, கருக்கள் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் பின்தங்கின, பாதி வழியில் சில இறந்தன. குட்டி குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

குறை கருவிலா கருப்பையிலா என்ற கேள்விக்கும் நேரடியாகவே பதில் தேடினார்கள். ஏற்பி உள்ள நல்ல கருவை எடுத்து, ஏற்பி இல்லாத தாயின் கருப்பையில் வைத்தார்கள், நேரத்துக்கு ஒட்டவில்லை. ஏற்பி இல்லாத கருவை சாதாரணத் தாயிடம் வைத்தால் ஒட்டியது. ஆக, கரு மேல் குற்றம் இல்லை.

கொழுப்பிலிருந்து பிறக்கும் சேதி

அந்தக் கருப்பைகளில் எது குறைகிறது என்று தேடியபோது கிடைத்தது காக்ஸ்-2 என்னும் நொதி. முழுப் பெயர் சைக்ளோஆக்சிஜனேஸ்-2. அது குறைந்ததால் அது உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களில் இரண்டு, இ2-வும் ஐ2-வும், குறைந்திருந்தன.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1930-ல் நியூயார்க்கில் குர்ஸ்ராக், லீப் என்ற இரண்டு பேர், மனித விந்து பட்டால் கருப்பைத் தசைத் துண்டு சுருங்குகிறது அல்லது தளர்கிறது என்று கவனித்தார்கள். 1935-ல் சுவீடனின் உல்ஃப் ஃபான் ஆய்லர் அதற்குக் காரணமான பொருளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர் வைத்தார், புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து. உண்மையில் அது உடம்பின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் உண்டாகிறது. செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பிலிருந்து சிபிஎல்ஏ2 என்ற நொதி அராக்கிடோனிக் அமிலத்தை வெட்டி எடுக்கும், காக்ஸ் நொதி அதைப் பிடித்து மாற்றும், அதிலிருந்து இ2, ஐ2, எஃப்2ஆல்ஃபா என்று பல வகைகள் கிளைக்கும். ரத்தத்தில் வெகுதூரம் ஓடும் ஹார்மோன் இல்லை இவை. பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும். 1971-ல் ஜான் வேன், ஆஸ்பிரின் வேலை செய்வதே இந்த உற்பத்தியைத் தடுப்பதால்தான் என்று காட்டினார். 1982-ல் அவருக்கும் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காக்ஸில் இரண்டு உண்டு. காக்ஸ்-1 பல திசுக்களில் எப்போதும் இருப்பது. காக்ஸ்-2 தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டுவது. சுண்டெலிக் கருப்பையில் இந்த இரண்டின் நடத்தையும் அழகாகப் பிரிகிறது: நான்காம் நாள் காலையில் உட்பரப்பு முழுக்கக் காக்ஸ்-1 இருக்கும், கரு ஒட்டும் நேரம் நெருங்க அது அடங்கிவிடும், அந்த இரவில் கரு எங்கே தொடுகிறதோ, அந்த இடத்தில் மட்டும், அதைச் சுற்றி மட்டும், காக்ஸ்-2 எழும். கரு இல்லாத பக்கத்துச் சுவரில் எழாது. கரு வந்து கதவைத் தட்டுகிறது, தட்டிய கதவு மட்டும் திறக்கிறது. அங்கே உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கிறது, திசு நீர் கோத்து உப்புகிறது, சுவர் இரு பக்கமும் கருவை நெருங்கிப் பிடிக்கிறது, அடியிலுள்ள செல்கள் டெசிடுவா என்ற புதிய திசுவாக உருமாற ஆரம்பிக்கின்றன. நீலச் சாயம் காட்டியது இதன் முதல் படியைத்தான்.

எல்பிஏ3 ஏற்பி இருப்பது உட்பரப்புச் செல்களில், அதுவும் கரு ஒட்டுவதற்குச் சற்று முன்னால்தான் அது உச்சத்தில் இருக்கும், ஒட்டியதும் இறங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் அதை ஏற்றிவிடுகிறது. எனவே சங்கிலி இப்படி: புரோஜெஸ்டிரோன் சுவரைத் தயார்செய்கிறது, எல்பிஏ3 காதைத் தீட்டுகிறது, காக்ஸ்-2 எழுகிறது, புரோஸ்டாகிளாண்டின் வேலையைத் தொடங்குகிறது.

மருந்து கொடுத்துப் பார்த்தார்கள்

சங்கிலியில் விட்டுப்போன கண்ணி இதுதான் என்றால், அதை வெளியிலிருந்து கொடுத்தால் சரியாக வேண்டும் அல்லவா? ஏற்பி இல்லாத எலிகளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் இ2 கொடுத்தார்கள். வேறு சிலவற்றுக்கு, ஐ2 சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் அதன் நிலையான வடிவமான கார்பாபுரோஸ்டாசைக்ளின் கொடுத்தார்கள். கரு நேரத்துக்கு ஒட்டியது. நீல மணிகள் அந்தந்த நேரத்தில் தெரிந்தன.

ஆனால் இடைவெளி சரியாகவில்லை. மணிகள் நேரத்துக்கு வந்தன, நெருக்கியடித்துக்கொண்டுதான் வந்தன.

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த இடமே இதுதான். ஒரே ஏற்பி இல்லாததால் வந்த இரண்டு கோளாறுகள், ஒன்று மருந்துக்கு மடங்கியது, மற்றொன்று மடங்கவில்லை. அப்படியானால் "எப்போது ஒட்டுவது" என்பதும் "எங்கே ஒட்டுவது" என்பதும் கருப்பைக்குள் வேறு வேறு வழியில் தீர்மானமாகின்றன. எல்பிஏ3-க்குக் கருப்பைத் தசையைச் சுருங்க வைக்கும் வேலையும் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது, கருக்களைத் தள்ளிப் பரப்பி வைப்பது அந்த அசைவுதான் என்ற திசையில் ஆய்வு போனது. புரோஸ்டாகிளாண்டின் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிந்திருந்தால் இந்த ஆய்வை நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

இதற்கு முந்தைய சண்டை

இந்த எலிக்குப் பின்னால் முப்பது வருடப் பேச்சு இருக்கிறது. 1970-களிலேயே, ஆஸ்பிரின் மாதிரியே காக்ஸைத் தடுக்கும் இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் எலிகளில் கரு பதிவது தடைபடுகிறது அல்லது தள்ளிப்போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். 1977-ல் கனடாவில் டி. ஜி. கென்னடி, பெரிய எலிகளில் அந்த மருந்து நீல மணி தெரிவதையே தாமதமாக்குகிறது என்று காட்டினார். ஆனால் மருந்து என்றால் ஒரு சிக்கல், அது வேறு எதை எதைத் தொடுகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மரபணுவை நீக்கிய எலி வந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர வழி பிறந்தது.

1995-ல் காக்ஸ்-1 இல்லாத எலியும் காக்ஸ்-2 இல்லாத எலியும் உருவாகிவிட்டன. கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், கல்கத்தாவில் படித்துவிட்டு அமெரிக்கா போன சுதான்ஷு டே என்பவரின் குழு அந்த எலிகளின் இனப்பெருக்கத்தைப் படிப்படியாகச் சோதித்தது. 1997-ல் செல் இதழில் வந்த முடிவு பலமானது: காக்ஸ்-2 இல்லை என்றால் முட்டை வெளியாவதும் குறை, கருத்தரிப்பதும் குறை, நல்ல கருவை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தாலும் பதியவில்லை, டெசிடுவாவும் உருவாகவில்லை. காக்ஸ்-1 இல்லாத எலிக்குக் கரு நன்றாகவே பதிந்தது, பிரசவம்தான் தள்ளிப்போனது. 1999-ல் அதே குழு, கருப்பதியும் இடத்தில் மிகுதியாக இருப்பது ஐ2 என்றும், அது செல்லின் உட்கருவில் உள்ள பிபிஏஆர் டெல்டா என்ற ஏற்பி வழியாக வேலை செய்கிறது என்றும் எழுதியது. செல்லின் மேல்பரப்பில் ஐ2-வுக்கென்றே இருக்கும் ஏற்பியை நீக்கிய எலிகள் குறையில்லாமல் குட்டி போட்டன, அதனால் வேறு வழி இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு இருந்தது.

சரி, விஷயம் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. 2003-ல் செங், காலின் ஸ்டூவர்ட் இருவரும் காக்ஸ்-2 இல்லாத தாய் எலிகளில் கருவை வைத்துப் பார்த்தார்கள். இந்த ஸ்டூவர்ட், கரு பதிவதற்கு எல்ஐஎஃப் என்ற புரதம் கட்டாயம் வேண்டும் என்று 1992-ல் காட்டியவர். லேசில் ஒதுக்கிவிடக்கூடிய ஆள் இல்லை. அவர்களுக்குக் கரு பதிந்தது, குட்டியும் பிறந்தது. டெசிடுவா வளர்வது மட்டும் பின்தங்கியது. ஒரே மரபணு, ஒரே கேள்வி, எதிரெதிர் பதில்.

மறு வருடம் டே குழுவே இன்னொரு முடிவை வெளியிட்டது. அதே காக்ஸ்-2 நீக்கத்தை சிடி1 என்ற வேறு எலி வம்சத்தில் கொண்டுவந்தபோது, மலட்டுத்தனம் பெருமளவு தணிந்தது, ஏனென்றால் அந்த வம்சத்தில் காக்ஸ்-1 எழுந்து வந்து இல்லாததன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தங்கள் பழைய முடிவின் எல்லை எது என்பதைத் தாங்களே சோதித்து எழுதினார்கள், அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "காக்ஸ்-2 இல்லாமல் கரு பதியுமா பதியாதா" என்று கேட்பதே சரியான கேள்வி இல்லை என்று எனக்குப் படுகிறது. பதியும், பதியாது என்பது வம்சத்தைப் பொறுத்து மாறுகிறது. மாறாமல் திரும்பத் திரும்ப வருவது தாமதம். கென்னடியின் எலியில் தாமதம், ஸ்டூவர்ட்டின் எலியில் தாமதம், சுன்னின் எலியில் தாமதம். புரோஸ்டாகிளாண்டினை நான் ஒரு சாவி மாதிரி நினைத்து வந்தேன். இப்போது அதை நேரம் பார்த்துச் சொல்லும் ஆளாகத்தான் நினைக்கிறேன்.

ஒரு நாளில் என்ன வந்துவிடும்?

இதற்குப் பதில் சொன்னது 2002-ல் வந்த இன்னொரு ஆய்வு, அதுவும் டே குழுவினுடையதுதான். காக்ஸுக்கு முந்தைய படியில் இருக்கும் சிபிஎல்ஏ2 நொதி இல்லாத எலிகளுக்கு ஈத்து சிறிதாக இருப்பது 1997-லேயே தெரியும். அவற்றில் கரு பதிவது கொஞ்சம் பிந்துகிறது, அப்படிப் பிந்திப் பதிந்த கருக்கள் நெருக்கிக்கொண்டும், தவறான இடத்தில் நஞ்சுக்கொடி விட்டும், வளர்ச்சி குன்றியும் போகின்றன என்று கண்டார்கள். புரோஸ்டாகிளாண்டின் கொடுத்ததும் பதியும் நேரம் சரியாயிற்று. இன்னொன்றும் பார்த்தார்கள்: எந்த மரபணுக் குறையும் இல்லாத சாதாரண எலியிலேயே, கருவை ஒரு நாள் தாமதமாகக் கருப்பையில் வைத்தால் இதே மாதிரிக் கோளாறுகள் வருகின்றன. மரபணு குற்றவாளி என்றால் அது தாமதப்படுத்தியதுதான் குற்றம்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பதம் வந்ததும் மாவைப் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் கழித்துப் போட்டாலும் மாவு சேரத்தான் செய்யும், உருண்டையும் பிடிக்கலாம், எண்ணெயில் போடும்போதுதான் பிரிந்துபோகும். தப்பு நடந்த நேரம் ஒன்று, அது தெரியவரும் நேரம் வேறு. சுண்டெலிக் கருப்பைக்கு அந்தப் பதம் நான்காம் நாள், ஐந்தாம் நாள் மதியத்துக்கு மேல் அது கருவை ஏற்காத நிலைக்குப் போய்விடும்.

மனுஷிக்கு வருவோம்

எலியை வைத்து அப்படியே மனுஷிக்குச் சொல்லக் கூடாது, வித்தியாசம் பெரிது. எலியில் கரு வந்து தொட்டால்தான் டெசிடுவா உருமாற்றம் தொடங்கும். பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும், கரு வந்தாலும் வராவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் தூண்டுதலில் அது தானாகத் தொடங்கிவிடும். கரு வரவில்லை என்றால் அதுவே மாதவிடாயாக வெளியேறும். அந்த நாட்களில் அடிவயிற்றைப் பிசையும் வலிக்குக் காரணமும் புரோஸ்டாகிளாண்டின்தான், எஃப்2ஆல்ஃபா என்ற வகை கருப்பைத் தசையை இறுக்குகிறது. ஒரே குடும்பத்து மூலக்கூறுகள், மாதத்தின் ஒரு வாரத்தில் சுவரைத் தயார்செய்கின்றன, இன்னொரு வாரத்தில் அதைக் கழற்றி வெளியே தள்ளுகின்றன.

ஆனால் நேரம் என்ற விஷயம் பெண்ணுக்கும் பொருந்துகிறது. 1999-ல் ஆலன் வில்காக்ஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. வட கரோலினாவில் இயற்கையாகக் கருத்தரிக்க முயன்ற பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து, முட்டை வெளியான நாளையும், கரு பதிந்ததற்கு அடையாளமான எச்சிஜி ஹார்மோன் முதலில் தென்பட்ட நாளையும் கணக்கிட்டார்கள். நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம், முட்டை வெளியாகி 8, 9, 10-ஆம் நாட்களில் பதிந்தவை. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதம் சீக்கிரமே கலைந்தன. பத்தாம் நாள் என்றால் 26 சதவீதம், பதினோராம் நாள் 52, அதற்கும் பிந்தினால் 82. இந்த நான்கு எண்களையும் நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். பிந்திய கரு முதலிலேயே பலவீனமான கருவாக இருந்து அதனால் பிந்தியிருக்கலாம், சுவரின் பதம் தப்பியதாலும் இருக்கலாம், இந்த எண்கள் அதைப் பிரித்துச் சொல்லாது. எலியில் கருவை மாற்றி வைத்துச் சோதித்த மாதிரி இங்கே செய்ய முடியாதே.

புரோஸ்டாகிளாண்டின் பக்கம் பெண்களிடம் கிடைத்த தடயங்களும் சில உண்டு. 2010-ல் ஜெருசலேம் குழு ஒன்று, ஐவிஎஃப்பில் திரும்பத் திரும்பக் கரு பதியாத பெண்களின் கருப்பை உட்சவ்வில் காக்ஸ்-2-வும் சிபிஎல்ஏ2-வும் குறைந்திருப்பதாக எழுதியது. எலியில் பார்த்த அதே இரண்டு கண்ணிகள். 2013-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் இருந்து வந்த ஆய்வு, கருப்பைக்குள் ஊறும் திரவத்தில் இ2-வும் எஃப்2ஆல்ஃபாவும் கரு பதியும் நாட்களில்தான் உயர்கின்றன என்று காட்டியது. சின்ன ஆய்வுகள்தான். இவற்றை வைத்துக்கொண்டு "உங்களுக்குப் புரோஸ்டாகிளாண்டின் குறைவு, இந்த ஊசி போட்டால் ஒட்டும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலிக்கு நேரம் திரும்பியது, அந்த வைத்தியம் பெண்ணுக்கு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நடைமுறையில் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம், இண்டோமெத்தசின் எல்லாமே காக்ஸைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. கரு பதியும் நாட்களில் நமக்குத் தேவைப்படுவதும் அதே காக்ஸ்தான். முட்டைப்பை வெடித்து முட்டை வெளியே வருவதற்கும் காக்ஸ்-2 வேண்டும், இந்த மாத்திரைகளை அந்த நாட்களில் தொடர்ந்து எடுத்தால் முட்டை வெளியேறாமலே நின்றுவிடலாம் என்பது பெண்களிடமே பார்த்த விஷயம். 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 1,055 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. இந்த வகை மாத்திரை எடுத்தவர்களிடம் கருச்சிதைவு ஆபத்து 80 சதவீதம் கூடுதலாக இருந்தது, கருத்தரிக்கும் நாட்களை ஒட்டி எடுத்தவர்களிடம் இன்னும் அதிகம், பாராசிட்டமாலுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் மாத்திரை எடுத்தவர்கள் மொத்தமே 53 பேர்தான், ஆகவே அந்த 80 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டியதில்லை. மாதவிடாய் வலிக்கு அந்த நாட்களில் எடுத்த மாத்திரையை நினைத்தும் குற்ற உணர்ச்சி வேண்டாம், அப்போது சுவரே வெளியேறிக்கொண்டிருக்கிறது, பதிய எதுவும் இல்லை. கேள்வி, முட்டை வெளியாகும் நாளிலிருந்து அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் பற்றியது மட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சிறிய அளவு பெரும்பாலும் ரத்தத் தட்டணுக்களில் உள்ள காக்ஸ்-1-ஐத்தான் தொடுகிறது, கொடுப்பதற்குக் காரணமும் வேறு. நிறுத்துவதாக இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுத்தான்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக இல்லாமல், தோசை வார்த்துக்கொண்டே அண்ணியிடம் சொன்னேன். நீல மணி பற்றிச் சொன்னபோது அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப கரு நல்லா இருந்தும் சுவரு ரெடியாகலன்னா அது என் தப்பா?" என்றார். "தப்புன்னு ஒண்ணும் இல்ல அண்ணி, யாரும் நினைச்சு பண்ற வேலை இல்ல அது, நீங்க தூங்கிட்டு இருக்கும்போது நடக்கிறது" என்றேன். எலியாக இருந்தால் கருவை மாற்றி வைத்து எது காரணம் என்று பார்த்துவிடலாம், மனுஷியிடம் அதைச் சொல்ல யாராலும் முடியாது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம், அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, கரு வைத்த இரண்டு தடவையும் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு போகச் சொன்னேன், எழுதிக் கொடுத்தது, தானாக வாங்கியது எல்லாமே. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அப்போதே உட்கார்ந்துவிட்டார். புரோஜெஸ்டிரோன் மாத்திரை, ஃபோலிக் ஆசிட், தைராய்டு மாத்திரை என்று வரிசையாக எழுதினார். நான்காவது வரியில் பேனா கொஞ்சம் நின்றது. "முதுகு வலிக்கு ஒண்ணு, பேரு ஞாபகம் இல்ல, மெடிக்கல்ல வாங்கினது, மூணு நாளா நாலு நாளா தெரியல" என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார்.